ஒரு உப்புக்கல்லும் நாற்பது படங்களும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லாருக்கும் சில மாதங்களில் ஒரு செய்தி திரையில் வரும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்று. உடனே நாம் என்ன செய்கிறோம்? போட்டோ போல்டரைத் திறக்கிறோம். ஒரே மாதிரி இருக்கும் படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு மற்றவற்றை டெலீட் செய்கிறோம். கையோடு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து விடுகிறோம். கல்யாண போட்டோ, சுற்றுலா போட்டோ என்றால் இதில் பெரிய நஷ்டம் இல்லை. ஒரே சிரிப்பு ஐந்து படத்தில் எதற்கு?

ஆனால் சிறிய பொருட்களை மிக அருகில் இருந்து படம் எடுத்து, பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. நான் செய்தேன். அதனால் ஒரு உப்புக்கல்லை இழந்தேன். உப்புக்கல்தானே, அண்ணாச்சி கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக் கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்தப் பொழுதுபோக்கு என்ன என்று சொல்லி விடுகிறேன். கனிமங்களின் மிகச் சிறிய படிகங்களை ஒரு குண்டூசி முனையிலோ, கருப்புத் தாள் ஒட்டிய சின்ன டப்பாவிலோ பொருத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் படம் எடுப்பதும்தான். வெளிநாடுகளில் இதை மைக்ரோமவுண்ட் என்கிறார்கள். கைக்கு அடக்கமான கற்களைச் சேர்ப்பவர்களுக்குப் பணம் வேண்டும், அலமாரி வேண்டும். நமக்கு ஒரு தீப்பெட்டி போதும். மேலும் சிறிய படிகங்கள்தான் பெரும்பாலும் முழுமையாக இருக்கும். பெரியவை உடைந்து, தேய்ந்து போயிருக்கும்.

எண்ணூரில் இதற்கு என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்பது உண்டு. கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். அலை வடிந்த இடத்தில் மணல் மேல் கருப்புக் கோடு கோடாக இருக்கும். அந்தக் கருப்பில் இருப்பவை இல்மனைட், மேக்னடைட் போன்ற கனமான கனிமங்கள். கூடவே சிவப்பாகக் கார்னெட்டும் இருக்கும். இலேசான குவார்ட்ஸ் மணலை அலை இழுத்துக் கொண்டு போய்விட, இவை அங்கேயே தங்கி விடுகின்றன. ஒரு சிட்டிகை எடுத்து, காந்தத்தைப் பேப்பரில் சுற்றி மேலே காட்டினால் மேக்னடைட் தாவி ஒட்டிக் கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் மணலில்தான் தொடங்க வேண்டும். மணல் கரையாது, ஓடாது, நாம் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும் அங்கேயே இருக்கும். நான் தொடங்கியது உப்பில். அதுதான் என் முதல் தவறு.

<b>உப்பளத்தில்</b>

வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு உப்பளம் புதிதல்ல. 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் முயற்சியில் சென்னையில் இருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய்தான் பின்னர் நீண்டு, 1878-ல் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. அந்தக் கால்வாயில் படகு படகாக உப்பு நகரத்துக்குள் போயிருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் இருக்கும் சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். கழிமுகத்தைச் சுற்றி இருந்த உப்பளங்களில் பல இன்று இல்லை. 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது, 2014-ல் அதன் பெயர் காமராஜர் துறைமுகம் ஆனது. அனல் மின் நிலையங்கள், கண்டெய்னர் யார்டுகள் என்று ஒவ்வொன்றாக வந்தன.

2018 ஏப்ரலில் அத்திப்பட்டு பக்கம் ஒரு உப்பளத்துக்குப் போயிருந்தேன். வரப்பு ஓரத்தில் குனிந்து பூதக்கண்ணாடியால் பார்த்துக் கொண்டிருந்த என்னை, உப்பு வாரிக் கொண்டிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாப்பா தேடற? காசு எதுனா வுழுந்துடுச்சா?"

"இல்லம்மா. உப்பு எடுத்துட்டுப் போய் போட்டோ எடுக்கணும். ரெண்டு கல் எடுத்துக்கவா?"

"ரெண்டு கல்லு இன்னா, ஒரு கூடை எடுத்துக்கோ. ஆனா இன்னிக்கே எடுத்துடு. ராத்திரி தாண்டுச்சின்னா தண்ணி வுட்ரும்."

அவர் சொன்னதில் உள்ள விஞ்ஞானத்தை நான் பிறகுதான் படித்துத் தெரிந்து கொண்டேன். சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் உள்ள தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். எண்ணூரில் இரவு நேரத்தில் இந்த அளவு சாதாரணம். உப்பளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்து இருக்கும். அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே தண்ணீர் விடும். வீட்டில் கல் உப்பு ஜாடி மழைக்காலத்தில் ஏன் கசகசவென்று ஆகிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

நான் எடுத்து வந்த கல் 1.5 மில்லி மீட்டர் அகலம். வெறும் கண்ணுக்கு அழுக்கு வெள்ளை. 4 எக்ஸ் லென்ஸில் பார்த்தபோதுதான் அது என்ன என்று தெரிந்தது. ஒவ்வொரு முகத்திலும் நடுவில் ஒரு சதுரக் குழி. அந்தக் குழி படிப்படியாக, கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி உள்ளே இறங்கியது. உப்புக் கரைசலில் படிகம் வளரும்போது மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் புதுக் கரைசல் அதிகம் கிடைக்கிறது. முகத்தின் நடுப்பகுதிக்குக் குறைவாகக் கிடைக்கிறது. எனவே ஓரம் வேகமாக வளர்கிறது, நடு பின்தங்கி விடுகிறது. வேகமாக வளரும்போது துளித் துளியாகக் கரைசல் உள்ளே மாட்டிக் கொள்வதால்தான் உப்பு பால் போல மங்கலாகத் தெரிகிறது. உண்மையில் உப்பு கண்ணாடி மாதிரித் தெளிவானது.

பொருத்துவதில் ஒரு எச்சரிக்கை. மணலை ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையே போதும். உப்புக்கு அதைத் தொடவே கூடாது. அதில் தண்ணீர் இருக்கிறது. நான் குண்டூசியின் தலையைக் கருப்பாக்கி, அதன் மேல் நெயில் பாலிஷ் ஒரு புள்ளி வைத்து, அது பாதி காய்ந்ததும் கல்லை உட்கார வைத்தேன். நெயில் பாலிஷில் இருக்கும் கரைப்பான் உப்பைக் கரைக்காது. மணலை எடுக்க ஈர பிரஷ், உப்பை எடுக்க உலர்ந்த பிரஷ். வெளிச்சத்துக்கு இரண்டு எல்.இ.டி. டார்ச். நேராக அடித்தால் உப்பின் முகங்கள் கண்ணாடி போல எதிரொளிக்கும். ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி, உச்சியில் லென்ஸுக்கு ஓட்டை போட்டு, கல்லின் மேல் கவிழ்த்து விட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி மென்மையாகி விடும். இதை விட மலிவான ஸ்டூடியோ எனக்குத் தெரிந்து இல்லை.

<b>ஏன் நாற்பது படங்கள்?</b>

இங்குதான் கம்ப்யூட்டர் வருகிறது. இவ்வளவு அருகில் போகும்போது லென்ஸால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்ட முடியாது. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வரும் 4 எக்ஸ் லென்ஸில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 0.05 மி.மீ. மட்டுமே. 10 எக்ஸ் என்றால் 0.009 மி.மீ. போல வரும். படிகத்தின் முன் முனை தெளிவாக இருந்தால் பின்பக்கம் வெறும் மூட்டம். எனவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு படம் எடுக்கிறோம். என் கல்லுக்கு 0.04 மி.மீ. நகர்த்தலில் 40 படங்கள். பின் ஒரு சாப்ட்வேர் அந்த 40 படங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து, ஒரே படமாகத் தருகிறது. இதற்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர்.

சாப்ட்வேர் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் இரண்டும் பணம் கொடுத்து வாங்க வேண்டியவை. சோதனைப் பதிப்பு உண்டு. ஹ்யூகின் என்ற இலவச பனோரமா சாப்ட்வேருடன் வரும் இரண்டு சிறிய புரோகிராம்கள் இதே வேலையைச் செய்யும். ஆனால் கட்டளைகளை டைப் செய்து கொடுக்க வேண்டும். ஆலன் ஹாட்லி எழுதிய கம்பைன்இசட்பி ஒரு காலத்தில் எங்களைப் போன்றவர்களின் செல்லப்பிள்ளை. 2010-க்குப் பிறகு அது வளரவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் ஃபிஜி என்ற இலவச சாப்ட்வேரிலும் இந்த வசதி இருக்கிறது.

எண்ணூரில் இந்த வேலையில் ஒரு தனித் தொல்லை உண்டு. என் வீட்டில் இருந்து விரைவுச் சாலை தூரமில்லை. ஒரு கண்டெய்னர் லாரி போனால் மேஜை அதிர்வது நமக்குத் தெரியாது, லென்ஸுக்குத் தெரியும். படத்தில் படிகம் இரண்டு இரண்டாகத் தெரியும். கேமராவைக் கையால் தொடாமல் யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இருந்து கிளிக் செய்வதும், கேமராவையும் கல்லையும் ஒரே மரப்பலகையில் இறுக்கமாகப் பொருத்துவதும் பாதி பிரச்னையைத் தீர்க்கும். மீதிக்கு லாரிகளுக்கு இடையில் காத்திருக்க வேண்டியதுதான். அன்று இரவு 40 படம் எடுத்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

படங்களைச் சேர்த்தேன். அருமையாக வந்தது. உடனே நாற்பது அசல் படங்களையும் டெலீட் செய்தேன். என் கம்ப்யூட்டரில் அப்போது இடம் குறைவு. சேர்த்த படம் கையில் இருக்கும்போது மூட்டமான நாற்பது படங்கள் எதற்கு என்று நினைத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது குண்டூசித் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது. அந்த அம்மா சொன்னது போலவே தண்ணி விட்டிருந்தது.

<b>ஊசி</b>

சேர்த்த படத்தில் ஒரு விஷயம் இருந்தது. படிகத்தின் ஒரு மூலையில் இருந்து வெளிப்பக்கமாக நீட்டிக் கொண்டு, முடியை விட மெல்லிய, நேரான ஒரு ஊசி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடல் நீர் வெயிலில் வற்றும்போது உப்பு படிவதற்கு முன்பே ஜிப்சம் படிந்து விடும். உப்பளத்தில் இது தெரிந்த விஷயம். ஜிப்சம் ஊசி போலவும் வளரும். எனவே உப்பின் மேல் ஜிப்சம் ஊசி என்று நானே முடிவு செய்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒரு பள்ளிக் கண்காட்சிக்கும் கொடுத்தேன். கீழே பெயரும் எழுதினேன்.

அங்கே வந்திருந்த ஓய்வு பெற்ற ஜியாலஜி பேராசிரியர் ஒருவர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"தம்பி, படம் ரொம்ப நல்லா இருக்கு. இந்த ஊசி ஜிப்சமா இருக்கலாம். சேர்க்கறதுக்கு முன்னாடி எடுத்த படங்கள் இருந்தா காட்டுங்க, எந்தப் படத்துல இது தெளிவா வருதுன்னு பார்த்துடலாம்."

"டெலீட் பண்ணிட்டேன் சார்."

"பரவாயில்ல. அந்த உப்பு இருக்கா?"

"கரைஞ்சு போச்சு சார்."

அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. என் தோளில் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். திட்டி இருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஏன் கேட்டார் என்பது சில மாதம் கழித்து, வேறு ஒரு மணல் துகளைப் படம் எடுத்தபோது புரிந்தது. அதிலும் ஊசி! அதுவும் அதே மூலையில். கேமராவின் சென்சார் மேல் ஒரு தூசி ஒட்டிக் கொண்டிருந்தால் அது எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக விழும். சாப்ட்வேர் படங்களைப் பொருத்தும்போது ஒவ்வொரு படத்தையும் கொஞ்சம் பெரிதாக்கியோ, சிறிதாக்கியோ, நகர்த்தியோ வைக்கிறது. படிகம் சரியாக ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும். ஆனால் தூசிப்புள்ளி ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போகும். 40 படத்தின் 40 புள்ளிகளும் வரிசையாக நின்றால் என்ன கிடைக்கும்? ஒரு நேர்க்கோடு. அழகான, மெல்லிய, நேரான ஊசி!

அப்படியானால் என் ஜிப்சம் வெறும் தூசிதானா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அசல் படங்கள் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் தூசி. ஏதோ சில படங்களில் மட்டும் தெளிவாகி, மற்றவற்றில் மங்கினால் உண்மையான ஊசி. டெலீட் செய்த பைல்களை மீட்டுத் தரும் போட்டோரெக் போன்ற இலவச சாப்ட்வேரையும் முயன்று பார்த்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் வரும் எஸ்.எஸ்.டி. டிரைவ், டெலீட் செய்த இடத்தைத் தானாகவே துடைத்து விடுகிறது. அதில் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். பென் டிரைவில் டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்கே போகாது என்பதையும் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, இன்னொரு கல் எடுத்து வந்து பார்க்கலாம் என்று அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போனேன். அந்தப் பாத்தி மண் கொட்டி மேடாக்கப்பட்டிருந்தது. அந்த அம்மாவையும் பார்க்க முடியவில்லை.

<b>பென்ட்லியின் நெகட்டிவ்</b>

இந்தக் கதை புதிதல்ல. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885 ஜனவரி 15-ல், 20 வயது கூட ஆகாத போது, மைக்ராஸ்கோப்புடன் கேமராவை இணைத்துத் தன் முதல் பனிப்படிகப் படத்தை எடுத்தார். பனியும் ஒரு கனிமம்தான், உப்பை விட மோசமாக உருகிப் போகும் கனிமம். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படம் எடுத்தார். 1931-ல் அவை புத்தகமாகவும் வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்து போனார்.

அவர் படங்களில் படிகம் கருப்புப் பின்னணியில் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். அது இயற்கையாக வந்ததல்ல. நெகட்டிவில் படிகத்தைச் சுற்றி இருக்கும் பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துத்தான் அந்தக் கருப்பு வந்தது. ஜெர்மனியில் ஹெல்மன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டித்தார். சுரண்டும்போது படிகத்தின் ஓரமே மாறி விடுகிறது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பென்ட்லி ஒரு காரியம் செய்திருந்தார். அவர் சுரண்டியது அசல் நெகட்டிவை அல்ல, அதன் நகலை. அசல் தொடப்படாமல் இருந்தது. படிகம் உருகி எத்தனையோ வருடம் ஆனாலும், ஓரம் மாறியதா இல்லையா என்று சரிபார்க்க ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத ஒரு விவசாயிக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை.

இன்று இது இன்னும் முக்கியமாகி விட்டது. இப்போதைய செல்போன்கள் நாம் ஒரு முறை தொட்டால் பல படங்கள் எடுத்து, தாமே சேர்த்து, தாமே கூர்மையாக்கி ஒன்றை மட்டும் தருகின்றன. 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தை மானிட்டரில் காட்டி ஒரு பிரபல போனால் படம் எடுத்தார். மங்கலான படத்தில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் போன் எடுத்த படத்தில் தெளிவாக வந்தன! படத்தைக் கூர்மையாக்கித் தரும் ஏ.ஐ. சாப்ட்வேர்களும் இப்படித்தான். உப்புக்கல்லில் படிக்கட்டு இல்லாத இடத்தில் படிக்கட்டு வரைந்து கொடுத்தால் நமக்கு எப்படித் தெரியும்? சுவரில் மாட்டுவதற்கு என்றால் நன்றாகச் செய்து கொள்ளுங்கள். கீழே பெயரும் ஊரும் எழுதுவதாக இருந்தால் அசல் வேண்டும்.

இது பொழுதுபோக்கோடு நிற்கும் விஷயமும் அல்ல. எங்கள் பகுதியில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் வரும் தூசியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கோணல்மாணலான மணல் துகள்களுக்கு நடுவே கண்ணாடி மணி போல உருண்டையான துகள்களைப் பார்க்கலாம். நிலக்கரி எரியும்போது அதில் உள்ள களிமண் உருகி, பறக்கும்போதே உருண்டையாக இறுகினால் இப்படித்தான் இருக்கும். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. வட சென்னை அனல் மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. எனவே இந்த உருண்டை எங்கிருந்து வந்தது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வெல்டிங் பட்டறையில் பறக்கும் இரும்புப் பொறியும் உருண்டையாகத்தான் இறுகும். காந்தம் காட்டினால் வித்தியாசம் தெரியும், படத்தில் தெரியாது. ஆகவே ஒரு படத்தை எடுத்துக் கொண்டு யாரிடமாவது முறையிடப் போகிறவர்கள், தூசியையும் ஒரு டப்பாவில் மூடி வைத்திருக்க வேண்டும், அசல் படங்களையும் வைத்திருக்க வேண்டும். சேர்த்து, மெருகேற்றிய ஒரே ஒரு படத்தை நீட்டினால், எதிரில் இருப்பவர் "இது கம்ப்யூட்டரில் செய்தது" என்று ஒரு வார்த்தையில் முடித்து விடுவார். பாதி உண்மையும் கூட!

<b>இடம் இல்லை என்பவர்களுக்கு</b>

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜேபெக் படம் 8 எம்.பி. என்றால் 40 படம் 320 எம்.பி. ஒரு டிவிடியிலேயே இப்படி 14 படிகங்கள் அடங்கும். ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் 3,000 படிகங்களுக்கு மேல் போகும். எண்ணூரில் நான் ஆயுசுக்கும் அவ்வளவு எடுக்கப் போவதில்லை. ரா பைல்தான் சிறந்தது, ஆனால் அது மூன்று மடங்கு இடம் பிடிக்கும். ரா வைக்க முடியாது என்றால் ஜேபெக்கையாவது வையுங்கள். ரா இல்லாததால் நஷ்டம் கொஞ்சம், அசலே இல்லாததால் நஷ்டம் முழுக்க.

ஒரு படிகத்துக்கு ஒரு போல்டர். போல்டர் பெயரில் முதலில் வருடம், பின் மாதம், பின் தேதி. அப்போதுதான் கம்ப்யூட்டர் அவற்றை வரிசையாக அடுக்கும். பைல் பெயரைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சில பழைய சாப்ட்வேர்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் பைலையே திறக்க மாட்டேன் என்கின்றன. எனவே பைலுக்கு எண்களும் ஆங்கில எழுத்தும், உள்ளே நோட்பேடில் ஒரு தமிழ்க் குறிப்பு. குறிப்பில் எங்கே எடுத்தது, எப்போது, எந்த லென்ஸ், எத்தனை படம், எவ்வளவு நகர்த்தல், எந்த சாப்ட்வேர் என்பதை எழுதவும். சேவ் செய்கையில் யு.டி.எஃப்.-8 என்று இருக்கிறதா என்று பார்க்கவும். பழைய விண்டோஸில் இதைக் கவனிக்காமல் சேவ் செய்தால் அடுத்த முறை திறக்கும்போது தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாக இருக்கும். கேமராவில் தேதியும் சரியாக இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வெகுநாள் வைத்திருந்தால் பல கேமராக்கள் தேதியை மறந்து விடும்.

அதே லென்ஸில் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் ஒரு படம் எடுத்து அந்த போல்டரிலேயே போட்டு விடுங்கள். ஒரு மில்லி மீட்டருக்கு எத்தனை பிக்ஸல் என்று எண்ணிக் கொண்டால் படிகத்தின் அளவு தெரிந்து விடும். என் கேமராவில் 4 எக்ஸ் லென்ஸில் சுமார் 1,000 பிக்ஸல். மலிவு யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப் வாங்கியவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 1000 எக்ஸ் என்ற எண்ணை நம்ப வேண்டாம். மானிட்டர் பெரிதானால் அந்த எண்ணும் பெரிதாகும்! ஸ்கேல் படம் பொய் சொல்லாது. அந்த மைக்ராஸ்கோப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணல் பார்க்க அது போதும், குழந்தைகளுக்கு அதுதான் வசதி.

படத்தை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளே இருக்கும் தேதி, லென்ஸ் விவரங்களும் போய்விடும். டாகுமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும்.

கடைசியாக, எங்கே வைப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின் போது எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தரையில் வைத்த சி.பி.யு. எதுவும் அதில் பிழைத்திருக்காது. ஒரு நகல் பரண் மேல், ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். என்னுடையது மதுராந்தகத்தில் என் சித்தப்பா வீட்டு பீரோவில் இருக்கிறது. உள்ளே என்ன என்று கேட்டார். "உப்பு" என்றேன். இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

உப்பையே வைத்துக் கொள்ளவும் வழி உண்டு. காற்றுப் புகாத டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடினால் போதும். வேறு இடத்தில் இருந்து எடுத்து வந்த இரண்டு கற்களை அப்படி வைத்திருக்கிறேன். எந்த மழைக்கும் அவை தண்ணீர் விடவில்லை. 2018-ல் எடுத்த அந்தப் படமும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பைலின் பெயரை மட்டும் மாற்றி இருக்கிறேன். முன்பு அதில் ஜிப்சம் என்று இருந்தது. இப்போது "ஊசி அல்லது தூசி" என்று இருக்கிறது.